அரை மார்க் அண்ணி

அத்தியாயம் 14

போன வாரம் சாப்பாட்டு மேசையில், அண்ணியின் தட்டுக்குப் பக்கத்தில் வாண்டு சத்தமில்லாமல் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனாள், ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒற்றைத் தாள்தான் இந்த ஏழு நாளாக வீட்டை ஆட்டிவைத்துக்கொண்டிருக்கிறது.

பாட விலகல் விண்ணப்பம். இன்ன காரணத்தால் மெக்கானிக்ஸ் பாடத்திலிருந்து விலகிக்கொள்ள அனுமதி வேண்டும் என்று வாண்டு தன் கையால் நிரப்பியிருந்தாள். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்று பாதுகாவலர், அதாவது அவளுடைய அண்ணன். இன்னொன்று பாட ஆசிரியர், அதாவது அவளுடைய அண்ணி. இரண்டு பேனாவும் ஒரே வீட்டில்தான் இருந்தன. அண்ணன் மூன்றாம் நாளே போட்டுக் கொடுத்துவிட்டான். அண்ணி போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாண்டு மறுபடியும் ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு நாலு மணிதான் கடைசி."

"தெரியும்," என்றாள் அண்ணி.

"தெரிஞ்சா போட்டுக் குடுத்துடுங்களேன்."

"வீட்டுல நான் மேடம் கிடையாது. மேடம் கையெழுத்து வேணும்னா ஸ்டாஃப் ரூமுக்கு வந்து கேளு. மூணு மணிக்கு மேல இருப்பேன்."

வாண்டு பையை எடுத்துக்கொண்டாள். பத்தொன்பது வயதாகிறது, இன்னும் வீட்டில் வாண்டுதான். முன்பெல்லாம் இந்த மாதிரிப் பேச்சுக்கு நாலு பதில் கொடுத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். இப்போதெல்லாம் அவள் வாயைத் திறப்பதே அபூர்வம்.

அண்ணன் ஷூ லேஸைக் கட்டியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"நாள் பூரா நான் மாட்டிக்கிட்டவங்களை வெளியில எடுக்கிறேன். என் வீட்டுலயே ரெண்டு பேர் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறீங்க. மணியும் அடிக்க மாட்டேங்கிறீங்க, கத்தவும் மாட்டேங்கிறீங்க. நான் எங்க வந்து கதவைத் திறக்க?"

வாண்டு முன்னால் போனாள். அண்ணி ஐந்து நிமிடம் கழித்துக் கிளம்பினாள். வருட ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். ஒரே பஸ், ஆனால் வாண்டு ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் ஏறுவாள். கல்லூரிக்குள் அண்ணி அவளை முப்பத்தொன்று என்று வருகைப் பதிவில் கூப்பிடுவாள், அவள் "யெஸ் மேடம்" என்பாள். இருவரும் உறவு என்பது அங்கே ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. வகுப்பில் உறவினர் யாராவது படிக்கிறார்களா என்று ஆசிரியர்களிடம் ஒரு படிவம் வரும். அண்ணி அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது, நிரந்தர உத்தரவு இன்னும் வரவில்லை. நாத்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மார்க்கை வாரி இறைக்கிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் என்ன ஆவது? அந்தப் பயம்.

பஸ்ஸில் பின் இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் தெரிந்த வாண்டுவின் பின்னலையே அண்ணி பார்த்துக்கொண்டு போனாள். இந்தப் பாடத்தை விட்டால் மூன்றாம் வருடம் ஏற முடியாது. ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மாட்டேன், கல்லூரியையே விட்டுவிடுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். ஒன்பது வயதில் அண்ணனோடு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் போய், லிஃப்டைத் தூக்கும் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கயிறு எப்படி இவ்ளோ பேரைத் தாங்குது?" என்று ஒரு மாதம் நச்சரித்த பெண். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பாடம்தான் மெக்கானிக்ஸ். அதைத்தான் விடப் போகிறாள்.

காலை இரண்டாவது பீரியட். அண்ணி உள்ளே நுழைந்ததும் வகுப்பு கப்சிப்.

அந்தக் கல்லூரியில் பிள்ளைகளைக் கசக்கிப் பிழிவார்கள் என்று ஊருக்கே தெரியும். அதில் அண்ணியின் பங்கு வாராவாரம் ஒரு கணக்குத் தாள். இருபது மார்க். கணக்கில் ஒரு புள்ளி குறைந்தாலும் அரை மார்க் போகும். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் அரை மார்க் மேடம். அண்ணிக்கு இது தெரியும். உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு.

இன்று முதல் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர். வாண்டுவுக்குப் பக்கத்து இருக்கைக்காரி. கையில் கட்டம் போட்ட ஒரு அட்டை.

"மேடம், ஒரு அஞ்சு நிமிஷம். இது அடுத்த ஒன்பது நாள். அஞ்சு பாடமும் சேர்த்து பதினொரு சமர்ப்பிப்பு வருது. வர்ற வெள்ளிக்கிழமை மட்டும் நாலு. அஞ்சு சாரும் மேடமும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டு கொஞ்சம் தள்ளித் தள்ளி வெச்சீங்கன்னா போதும். குறைக்கச் சொல்லலை."

"நான் படிச்சப்போ பதிமூணு இருந்தது," என்றாள் அண்ணி.

பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். போன வருடப் பிள்ளைகளிடம் இவள் பன்னிரண்டு என்று சொல்லியிருந்தது அவர்களுக்கும் எட்டியிருந்தது.

"நாங்க சோம்பேறின்னு நினைக்காதீங்க மேடம்," வக்கீல் விடவில்லை. "இவளைப் பாருங்க." வாண்டுவைக் காட்டினாள். "உங்க தாளை மட்டும் வாரத்துக்கு மூணு தடவை எழுதிப் பார்க்கிறா. அதுல மத்த நாலு பாடமும் கோவிந்தா. அப்படியும் ஒன்பதைத் தாண்டலை."

வாண்டு தோழியின் கையைப் பிடித்து இழுத்தாள். தலை நிமிரவில்லை.

அண்ணி வாண்டுவைப் பார்த்தாள். மூன்று தடவையா? வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தாள்? ஆனால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு இரங்கினால் அதுவே உறவைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது.

"மூணு தடவை எழுதியும் வரலைன்னா, நாலாவது தடவையாவது புரிஞ்சுக்கிட்டு எழுதட்டும்."

மற்ற நாளாக இருந்தால் ஒரு சிரிப்பலை எழுந்திருக்கும். இன்று யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் அட்டையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாண்டு நோட்டின் ஓரத்தில் எதையோ அழுத்தி அழுத்திக் கிறுக்கினாள்.

பன்னிரண்டரை மணிக்கு ஸ்டாஃப் ரூமில் பக்கத்து மேசைக்காரர் ஒரு கட்டு விடைத்தாளைக் கொண்டுவந்து அண்ணியின் மேசையில் போட்டார். இன்னொரு பிரிவுக்கு அதே மெக்கானிக்ஸ் எடுப்பவர். இந்தத் தடவை இடைத் தேர்வுத் தாள்களை இரு பிரிவு ஆசிரியர்களும் மாற்றிக்கொண்டு திருத்த வேண்டும் என்று புதிதாக ஓர் ஏற்பாடு. அண்ணியின் வகுப்பை அவர் திருத்தினார், அவர் வகுப்பை அண்ணி திருத்தினாள்.

"மேடம், உங்க கிளாஸ்ல முப்பத்தொன்னு யாரு?"

அண்ணி பேனாவை மூடினாள். "ஏன் சார்?"

"பிரமாதம்! நூத்துக்கு எழுபத்திநாலு. அந்தக் கடைசிக் கணக்கை என் பிரிவுல ஒரு ஆளும் தொடலை. இந்தப் பொண்ணு ரெண்டு வழியில போட்டுப் பார்த்திருக்கு. ஒரு இடத்துல மட்டும் அம்புக்குறி திரும்பிடுச்சு. நீங்க ரொம்பக் கறார்னு சொல்வாங்க, ஆனா நல்லாத்தான் தயார் பண்ணியிருக்கீங்க."

அவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணி எழுந்து அலமாரியைத் திறந்தாள்.

எட்டு வாரத்துத் தாள்கள் அங்கே கட்டுக் கட்டாக இருந்தன. ஒவ்வொரு கட்டிலிருந்தும் முப்பத்தொன்றை உருவினாள். எட்டரை. ஒன்பது. எட்டு. எட்டரை. எல்லாம் அவள் போட்ட மார்க், அவளுடைய சிவப்பு மை.

பிறகு, ஏன் என்று தெரியாமலே, இருபத்திரண்டாம் எண்ணின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஐந்தாவது வாரம், மூன்றாவது கணக்கு. இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள். தாங்கு முனையில் விசையின் திசையைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வரும் எல்லாப் படியும் அந்தத் தப்பால் மாறிப்போகும். ஆனால் போடும் முறை சரிதான். ஒரு தப்புக்கு ஒரு தடவைதான் வெட்ட வேண்டும், பின்னால் வருவதற்கு வெட்டக் கூடாது. இது அண்ணியே பிள்ளைகளுக்குச் சொல்லும் விதி.

இருபத்திரண்டுக்கு அரை மார்க் போயிருந்தது. முப்பத்தொன்றுக்கு மூன்றரை போயிருந்தது. படிக்குப் படி வெட்டி, ஓரத்தில் 'கவனக்குறைவு' என்று வேறு எழுதியிருந்தாள்.

ஒரு தடவை கை தவறியிருக்கும் என்று அடுத்த வாரத்தை எடுத்தாள். அதற்கடுத்த வாரம். நாற்காலியை இழுத்துப் போட்டு, சாப்பாட்டை மறந்து, எட்டுத் தாளையும் மற்றவர்களுக்குத் திருத்துகிற மாதிரி பென்சிலில் திருத்தினாள். பதிமூன்று. பதினான்கரை. பன்னிரண்டு. பதினைந்து.

வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. முப்பத்தொன்று என்று பார்த்தவுடன் பேனா தானாக இறுகியிருக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால் பாருங்கள், என் நாத்தனாருக்கு நான் எப்படிப் போட்டிருக்கிறேன் என்று காட்டுவதற்காக, இரண்டு மாதமாக அந்தப் பெண்ணைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தாள்.

அண்ணிக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு கணவனுக்குப் போன் போட்டாள். பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் இரைச்சல்.

"சத்தமா சொல்லு, மேல இருக்கேன்!"

சொன்னாள். எட்டு வாரத்தையும் சொன்னாள். இரைச்சல் நின்றது. அவன்தான் அணைத்திருக்க வேண்டும்.

"என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன். நானும்தானே கையெழுத்துப் போட்டேன். உனக்கு வரலைன்னா விட்டுடு தாயின்னு சொல்லிப் போட்டேன். அவ முகத்தைப் பார்த்துச் சொன்னேன்."

"நான் என்ன செய்யட்டும்?"

"இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவகிட்ட சொல்லு. உங்க பெரிய சார்கிட்ட சொல்லு. வேலை போனாப் போகட்டும். நான் இருக்கேன்ல."

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வாண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தத் தாள்.

"எக்ஸ்கியூஸ் மீ மேடம். கையெழுத்து."

"உள்ள வா வாண்டு. உட்காரு."

பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வாண்டு திடுக்கிட்டு அவரையும் அண்ணியையும் பார்த்தாள்.

"சார், இவ என் நாத்தனார்," என்றாள் அண்ணி. "நீங்க கேட்ட முப்பத்தொன்னு இவதான். யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன். இப்போ துறைத் தலைவர்கிட்ட போறோம். நீங்களும் கொஞ்சம் வாங்க."

துறைத் தலைவர் அதிகம் பேசாத மனிதர். முப்பத்தொன்று, இருபத்திரண்டு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, வரிவரியாகப் பார்த்தார். அண்ணி நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"அள்ளிப் போட்டாதான் தப்புன்னு நினைச்சேன் சார். கிள்ளினதும் தப்புன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

"படிவத்துல ஏன் எழுதலை?"

"பயம் சார்."

அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். "எட்டுத் தாளையும் நீங்க புதுசாத் திருத்துங்க. இந்தப் பென்சில் மார்க்கை அழிச்சுட்டுத் திருத்துங்க. திங்கட்கிழமையிலிருந்து ரெண்டு பேரும் பிரிவை மாத்திக்கோங்க." பிறகு அண்ணியிடம், "உங்க நிரந்தர உத்தரவு என் மேசையிலதான் இருக்கு. இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும். யோசிக்கணும்."

"சரிங்க சார்."

"சார்," அண்ணி மறுபடியும் வாயைத் திறந்தாள். "பசங்க ஒரு அட்டவணை போட்டிருக்காங்க. ஒன்பது நாள்ல பதினொரு சமர்ப்பிப்பு. காலையில நான் கேலி பண்ணி அனுப்பிட்டேன். நீங்க ஒரு தடவை பார்க்கணும்."

"இதுக்கு நடுவுல அது வேறயா?" என்றார் அவர். ஆனால் குறித்துக்கொண்டார்.

புதிய மார்க் திங்கட்கிழமைதான் வரும். விண்ணப்பக் கெடு இன்று நான்கு மணி. அதை மாற்றத் தன்னால் முடியாது, அது அலுவலகத்தின் கையில் என்று சொல்லிவிட்டார்.

வெளியே வராந்தாவில் மூன்று மணி நாற்பது. பக்கத்து மேசைக்காரர் நாசூக்காக நழுவிவிட்டார்.

"திட்டுடி," என்றாள் அண்ணி. "ஏதாவது சொல்லித் திட்டு."

"எவ்வளவு வந்திருக்கும்?"

"பதிமூணு, பதினாலு. ஒண்ணு பதினஞ்சு."

வாண்டு தாளை மடித்தாள். "நான் முட்டாள்னு நினைச்சுக்கிட்டேன் அண்ணி."

அண்ணி கையை நீட்டினாள். வாண்டு பின்னால் நகர்ந்தாள்.

"வேலை ஜாஸ்தின்னா நான் பயப்படலை. எல்லாருக்கும்தான் ஜாஸ்தி. மத்தவங்க எழுதினா வருது, எனக்கு மட்டும் மூணு தடவை எழுதியும் வரலை. அப்போ மண்டையிலதான் கோளாறுன்னு முடிவு பண்ணிட்டேன். அண்ணனோட அந்தக் கயிறு, மோட்டார் எல்லாம் சின்ன வயசு விளையாட்டு, நமக்கு அவ்வளவுதான்னு..." கர்ச்சீப்பைத் தேடினாள். அண்ணி தன்னுடையதைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாள்.

முகத்தைத் துடைத்துவிட்டு, மடிந்த தாளை நீட்டினாள்.

"கையெழுத்து போடுங்க."

"வாண்டு, திங்கட்கிழமை வரைக்கும்..."

"திங்கட்கிழமை கெடு இருக்காது. குடுக்கிறதா வேண்டாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்? இது வரைக்கும் எல்லாத்தையும் உங்க பேனாதான் முடிவு பண்ணிச்சு."

மறுக்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அண்ணிக்கே தெரிந்தது. வராந்தாக் கைப்பிடிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். வாண்டு தாளை வாங்கிக்கொண்டு படியிறங்கி அலுவலகத்தின் பக்கம் போனாள்.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்த அண்ணியால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அலமாரியைத் திறந்தாள், மூடினாள். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, காலிப் பாட்டிலை வாயில் கவிழ்த்தாள். சுவர்க் கடிகாரம் நான்கைத் தொட்டது. தாண்டியது. கீழே அலுவலக ஜன்னலை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

ஐந்து நிமிடம் கழித்து வாண்டு வந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"குடுக்கலை," என்றாள்.

அண்ணி கையிலிருந்த பாட்டிலை மேசையில் வைத்தாள்.

"குடுக்கலையா?"

"வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி ஒருத்தர்தான். அப்புறம் யோசிச்சேன், எனக்கு வருதே, நான் எதுக்கு விடணும்னு." பையைத் தட்டிக்காட்டினாள். "இங்கதான் இருக்கு. இனி செல்லாது."

அண்ணி அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது இதுதான். சிரித்தாள், கண்ணில் நீரோடு சிரித்தாள். "அண்ணனுக்குச் சொல்லலாம், இரு. மனுஷன் மத்தியானத்துலேர்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார்." போனை எடுத்தாள்.

"இருங்க அண்ணி. இன்னொண்ணும் இருக்கு."

வாண்டு பையிலிருந்து வேறொரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். புத்தம் புதியது. இன்னும் ஒரு எழுத்துகூட நிரப்பவில்லை. விடுதி அனுமதி விண்ணப்பம்.

"அதே ஜன்னல்லதான் குடுக்கிறாங்க. இடம் இருக்காம்."

"எதுக்குடி? இனிமே நான் உனக்குப் பாடமே எடுக்கப் போறதில்லையே. வேற பிரிவுக்குப் போறேன்."

"நீங்க மேடமா இருந்து வெட்டினீங்க பாருங்க, அதைக்கூட மறந்துடுவேன். பயத்துல செஞ்சீங்க, எனக்குப் புரியுது. நீங்களே போய் ஒத்துக்கிட்டீங்க, வேலையைக்கூடப் பார்க்கலை. நிஜமா உங்களை எனக்குப் பிடிக்கும் அண்ணி." குரல் தாழ்ந்தது. "ஆனா ஒவ்வொரு வாரமும் எட்டரை போட்டுட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் தலையைத் தடவி, ஏன்டா கண்ணு சரியாவே சாப்பிட மாட்டேங்கிறேன்னு கேட்டீங்களே. அதான் தாங்கலை. இனிமே நீங்க தட்டுல சாப்பாடு போடறப்பெல்லாம் அதுதான் ஞாபகம் வரும். கொஞ்ச நாள் நான் தள்ளி இருந்துக்கிறேனே."

அண்ணியின் கையில் போன் அப்படியே இருந்தது. விரல் பட்டு மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை வருவேன். துணி துவைக்கிற மிஷின் அங்க இல்லையாம்," என்றாள் வாண்டு, சிரிக்க முயன்றபடி. பிறகு தாளின் அடியில் விரலை வைத்துக் காட்டினாள். "இதுக்கு ஒரே கையெழுத்துதான். அண்ணன் போட்டாப் போதும். ஏன்னு மட்டும் நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க."

"என்னம்மா?" போனில் அவன் குரல் ஆவலாகக் கேட்டது. "வாண்டு என்ன சொல்றா? நம்மகூட இருக்காளா?"